குண்டு பாய்ந்த கான்கிரீட்: கம்ப்யூட்டர் சொன்ன வேகத்தை எவ்வளவு நம்பலாம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு எம்.இ. மாணவர் கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: "அக்கா, 178 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் ஸ்லாப்பில் அரைக் கிலோ எஃகுக் குண்டு பாய்வதை எல்.எஸ். டைனாவில் ஓட்டிப் பார்த்தேன். 5 மி.மீ. மெஷ்ஷில், குண்டு பின்பக்கமாக வெளியேறும் வேகம் சோதனைக் கட்டுரையில் உள்ளபடியே வந்துவிட்டது. கைடு இன்னும் பொடியாக மெஷ் போடச் சொன்னார். 2.5 மி.மீ. போட்டதும் வேகம் ஏகத்துக்கு ஏறிவிட்டது. எது சரி? இதே மாடலை வைத்து நம்ம ஊர் ஜெட்டித் தூணில் விசைப்படகு மோதுவதையும் செய்துவிடலாமா?"

(மற்றவர்களுக்கு: எல்.எஸ். டைனா என்பது மோதலைக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர். பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமென்ட்டுகளாக, பிரித்துக்கொள்ளும். அந்தப் பிரிப்புதான் மெஷ். 5 மி.மீ. என்பது ஒரு துண்டின் அளவு.) தம்பி, முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். 5 மி.மீ. மெஷ்ஷில் வந்த விடை ஒத்துப்போனதற்குக் காரணம் நீங்கள்தான். உங்கள் இன்புட் ஃபைலில் எரோஷன் ஸ்ட்ரெயின் என்று ஓர் எண் இருக்குமே, அதில் முதலில் என்ன போட்டீர்கள், எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நானும் அதே வேலையைச் செய்தவள்தான். அதனால்தான் இவ்வளவு தைரியமாகக் கேட்கிறேன்.

எரோஷன் எதற்கு வந்தது? குண்டின் முனைக்கு முன்னால் இருக்கும் எலிமென்ட்டுகள் நசுங்கி நசுங்கி வடிவம் கெட்டு, கடைசியில் கணக்கே நின்றுவிடும். அதற்காக, இவ்வளவுக்கு மேல் நசுங்கிய எலிமென்ட்டைத் தூக்கிவிடு என்று சொல்லிவைக்கிறோம். இது கணக்கு ஓடுவதற்கான ஏற்பாடு. கான்கிரீட்டின் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நிஜத்தில் கான்கிரீட் எங்கும் மறைந்து போவதில்லை. குண்டுக்கு முன்னால் மாவாகிறது, பக்கவாட்டில் நெருக்குகிறது, அந்த மாவும் குண்டைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டரிலோ எலிமென்ட் போன இடம் வெற்றிடம். அங்கே தடையும் இல்லை.

இப்போது மெஷ்ஷைப் பாதியாக்கினால் ஏன் வேகம் கூடுகிறது என்று பார்ப்போம். உடையும்போது நசுக்கம் ஒரே ஒரு வரிசை எலிமென்ட்டில் போய்க் குவியும். 5 மி.மீ. எலிமென்ட் 2 மி.மீ. நசுங்கினால் 40 சதவீதம். அதே 2 மி.மீ. 2.5 மி.மீ. எலிமென்ட்டில் விழுந்தால் 80 சதவீதம். நீங்கள் எரோஷனை 50 சதவீதம் என்று வைத்திருந்தால் முதலாவது பிழைத்துக்கொள்ளும், இரண்டாவது காணாமல் போகும். எலிமென்ட் சீக்கிரம் சீக்கிரமாகப் போகப் போகத் தடை குறையும், குண்டு வேகமாக வெளியே வரும். அதாவது அந்த எரோஷன் எண் கான்கிரீட்டுக்குச் சொந்தமானது கிடையாது. கான்கிரீட், மெஷ் அளவு இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட எண் அது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்தால் விடை நகரத்தான் செய்யும்.

இந்தச் சிக்கல் பழையது. பஜான்ட், ஓ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-லேயே, விரிசல் ஒரு குறிப்பிட்ட அகலப் பட்டையில் பரவுவதாக எடுத்து, எலிமென்ட் அளவு எதுவானாலும் விரிசல் விழ ஆகும் ஆற்றல் மாறாதபடி கணக்கைத் திருத்தும் வழியைச் சொன்னார்கள். பிறகு வந்த சில கான்கிரீட் மாடல்களில் (கான்கிரீட் எப்படி நசுங்கும், உடையும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் விதிகள்) அந்த ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. நீங்கள் எடுத்திருக்கும் ஹோம்குவிஸ்ட் ஜான்சன் குக் மாடலில் இல்லை.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? உங்கள் சோதனை எது என்று எண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: ஹான்சக் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1992-ல் வெளியிட்டது. 25.4 மி.மீ. விட்டமுள்ள கூர்முனைக் குண்டு, 48 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கான்கிரீட். இந்தத் துறையில் பாதிப் பேர் இதை வைத்துத்தான் கை பழகுகிறார்கள். அதில் ஒரே ஒரு வேகம் மட்டும் இல்லை. நொடிக்கு 434 மீட்டரில் உள்ளே போன குண்டு 214-ல் வெளியே வந்தது. 749-ல் போனது 615-ல் வந்தது. 1058-ல் போனது 947-ல் வந்தது. 360-ல் போனது தட்டுத்தடுமாறி 67-ல் வந்தது. 301-ல் போனது வெளியே வரவே இல்லை.

இதில் 434-க்கு மட்டும் எரோஷனைத் திருகிப் பொருத்திக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபைலைப் பூட்டிவிட்டு, வேகத்தை மட்டும் மாற்றி மற்ற நான்கையும் ஓட்டுங்கள். 749-ம் 1058-ம் அநேகமாக நன்றாகவே வரும். வேகம் கூடக் கூட, கான்கிரீட்டை ஒதுக்கித் தள்ளும் வேலைதான் பெரிது, மாடலின் நுணுக்கங்கள் அடிபட்டுப் போகும். 360-லும் 301-லும்தான் சாயம் வெளுக்கும். நீங்கள் திருகாத எண் பொருந்தினால்தான் மாடலுக்கு மார்க். திருகிய எண் பொருந்தியதற்கு உங்கள் பொறுமைக்குத்தான் மார்க்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு பேனாக் கணக்கும் போடுங்கள். அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு கொடுத்த என்.டி.ஆர்.சி. சூத்திரம் என்று ஒன்று 1946-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. குண்டின் எடை, விட்டம், வேகம், முனை வடிவம், கான்கிரீட் வலிமை இவ்வளவுதான் உள்ளீடு. கூர்முனைக்கான கெழுவாக 1.14 போட்டு நான் கணக்குப் பார்த்தேன்: 300 மீட்டர் வேகத்தில் குண்டு 92 மி.மீ. புதையும், அந்த வேகத்துக்கு 148 மி.மீ. ஸ்லாப் வரைதான் துளைக்கும். 178 மி.மீ. ஸ்லாப்பைத் துளைக்க ஏறத்தாழ 355 மீட்டர் வேகம் வேண்டும். சோதனையில் 301-ல் நின்றது, 360-ல் துளைத்தது. பார்த்தீர்களா? உங்கள் சிமுலேஷன் ராத்திரி முழுக்க ஓடிச் சொல்வதை, டீக்கடையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் போடலாம். சூத்திரம் எப்போதும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. ஆனால் கம்ப்யூட்டர் 200 என்றோ 600 என்றோ சொன்னால், எங்கோ கோளாறு என்று அதை வைத்துப் பிடித்துவிடலாம்.

அப்படிப்பட்ட கோளாறுகளில் நான் பார்த்தவரை முதலிடம் அலகுக்குத்தான். இந்த சாஃப்ட்வேர்களுக்கு மில்லிமீட்டரும் தெரியாது, மீட்டரும் தெரியாது, கொடுத்த எண்ணை அப்படியே நம்பும். நான் முதன்முதலில் ஓட்டியபோது மி.மீ., டன், நொடி என்று ஆரம்பித்துவிட்டு, கான்கிரீட் அடர்த்தியை மட்டும் கிலோ கணக்கில் இருந்த பழைய ஃபைலிலிருந்து ஒட்டினேன். கான்கிரீட் ஆயிரம் மடங்கு கனத்துவிட்டது. குண்டு சுவரில் அடித்த ரப்பர் பந்து மாதிரித் திரும்பி வந்தது. நானோ இரண்டு நாள் மெட்டீரியல் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ரன் தொடங்கியதும் அவுட்புட்டில் மொத்த எடையைத்தான் முதலில் பார்ப்பேன். உங்கள் ஸ்லாப் 610-க்கு 610 மி.மீ. என்றால், 2440 அடர்த்திக்கு ஏறத்தாழ 162 கிலோ வர வேண்டும். கால்பகுதி மட்டும் மாடல் செய்திருந்தால் 40 கிலோ.

இன்னொன்று, நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் விழுகிற குழி. எம்30 கிரேடு கான்கிரீட் என்றால் 30 என்பது கியூப் வலிமை, அதாவது கனசதுரக் கட்டியை நசுக்கி அளந்த மெகாபாஸ்கல். இந்த மாடல்களும் அமெரிக்கக் கட்டுரைகளும் கேட்பது சிலிண்டர் வலிமை, உருளையை நசுக்கி அளந்தது. சிலிண்டர் தோராயமாக கியூபில் 0.8 பங்குதான் வரும். எம்30-க்கு நீங்கள் 24 போட வேண்டும். 30 போட்டால் சுவர் கம்ப்யூட்டருக்குள் மட்டும் பலமாக இருக்கும்.

'அவர்கிளாஸ்', அதாவது மணற்கடிகாரம் என்று பெயர் வைத்த ஒரு கோளாறு, அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மண்டபத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். மீன்வலையைக் கையில் எடுத்து ஒரு கண்ணை இழுத்துப் பாருங்கள். சாய்சதுரமாக இருந்த கண் நீளும், சுருங்கும், ஆனால் நூல் எதுவும் இழுபடாது. நூல் இழுபடாததால் கைக்கும் எதிர்ப்புத் தெரியாது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கணக்குப் பார்க்கும் எலிமென்ட்டும் இதே மாதிரிதான். அது கோணல்மாணலாக நெளியும், நடுப்புள்ளியில் எந்த மாற்றமும் தெரியாது, அதனால் செலவில்லாமல் நெளிந்துகொண்டே போகும். அதைத் தடுக்க சாஃப்ட்வேர் செயற்கையாக ஒரு தடை போடும். அந்தத் தடை தின்ற ஆற்றல்தான் அவர்கிளாஸ் எனர்ஜி. மொத்த உள் ஆற்றலில் அது 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரன்னைக் குப்பையில் போடுங்கள். 5-க்குள் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒவ்வொரு அடியாக முன்னேறும் நேரத்துண்டு, அதைப் பற்றியும் கேட்டிருந்தால் நல்லது, கேட்கவில்லை. சுருக்கமாக: கான்கிரீட்டில் அதிர்வலை நொடிக்கு ஏறத்தாழ 3800 மீட்டர் ஓடும். 5 மி.மீ. எலிமென்ட்டைக் கடக்க 1.3 மைக்ரோநொடி. ஒவ்வொரு அடியும் அதற்குள் இருக்க வேண்டும். மெஷ்ஷைப் பாதியாக்கினால் எலிமென்ட் 8 மடங்கு, அடிகள் 2 மடங்கு, ஆக 16 மடங்கு நேரம். கைடு அடுத்து 1.25 மி.மீ. கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயம், ஸ்லாப்பின் பின்பக்கம். வீட்டில் ஸ்விட்ச் பெட்டி வைக்க எலக்ட்ரீஷியன் சுவரில் உளி அடிக்கும்போது, அடுத்த அறையில் பூச்சு பெயர்ந்து விழுந்து சண்டை வந்திருக்கும். உளி இந்தப் பக்கம், சேதம் அந்தப் பக்கம். காரணம் அலை. அடித்த இடத்திலிருந்து கிளம்புவது அழுத்தும் அலை, கான்கிரீட் அதைத் தாங்கிவிடும். அது மறுமுகத்துக்குப் போய், அதற்கு மேல் தள்ள எதுவும் இல்லாமல், இழுக்கும் அலையாகத் திரும்புகிறது. கான்கிரீட்டின் இழுவிசை வலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான். பெயர்ந்துவிடுகிறது. கேரம் போர்டில் காயின்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரை அடித்தால், நடுவில் இருப்பவை சும்மா இருக்கும், கடைசிக் காயின் மட்டும் தெறிக்கும். கான்கிரீட்டில் அந்தக் கடைசிக் காயின் பசை போட்டு ஒட்டியிருக்கிறது, அந்தப் பசை கொஞ்சம்தான், அவ்வளவே வித்தியாசம்.

அதனால் நிஜ ஸ்லாப்பில் மூன்று பகுதி தெரியும். முன்பக்கம் ஒரு கிண்ணக் குழி, நடுவில் குண்டின் அளவுக்கு ஒரு குழாய், பின்பக்கம் அகலமாக விரிந்த இன்னொரு கிண்ணம். பாதுகாப்புச் சுவர் கட்டுபவருக்குக் குண்டு உள்ளே வந்ததா என்பது மட்டும் போதாது. குண்டு சுவரிலேயே நின்றிருந்தாலும், பின்பக்கத்திலிருந்து தெறிக்கும் கான்கிரீட் துண்டே உள்ளே நிற்பவரைக் கொல்லும். ஹோம்குவிஸ்ட் மாடல் 1993-ல் வந்தது. அழுத்தத்துக்காகவே செய்த மாடல். அதிக அழுத்தத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்துளைகள் நசுங்குவதை அது நன்றாகப் பிடிக்கும். அரிசியைப் படியில் அளக்கும்போது தட்டித் தட்டி நிரப்புவோமே, முதலில் சுலபமாக இறங்கும், பிறகு இறங்காது, அந்த மாதிரி. வெளியேறும் வேகம் அதில் நன்றாக வருவது இதனால்தான். இழுவிசையில் அது பலவீனம். உங்கள் படத்தைத் திறந்து பாருங்கள், பின்பக்கத்தில் கிண்ணத்துக்குப் பதில் துளை போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பின்பக்கச் சேதம்தான் முக்கியம் என்றால் ஆர்.எச்.டி. மாடலையோ, கரகோசியன் கேஸ் மாடலையோ எடுங்கள். சாலைத் தடுப்பில் கார் மோதுவது போன்ற மெதுவான மோதலுக்கென்று செய்த சி.எஸ்.சி.எம். என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே வருகிறேன். எதை எடுத்தாலும் வேகமாக இழுத்தாலோ அழுத்தினாலோ வலிமை கூடும் என்ற வளைகோட்டை யோசிக்காமல் சேர்க்காதீர்கள். அழுத்தத்தில் தெரியும் கூடுதல் வலிமையில் ஒரு பங்கு, பக்கவாட்டுக் கான்கிரீட் நகர மறுப்பதால் வருவது. அந்த நிலைமத்தை சிமுலேஷன் ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிடுகிறது. மேலே வளைகோட்டையும் போட்டால் ஒரே சம்பளத்தை இரண்டு தடவை கொடுத்த மாதிரி.

ஒரு சின்னச் செய்தி. அதே 1992 சோதனையில் 140 மெகாபாஸ்கல் கான்கிரீட்டையும் போட்டுப் பார்த்தார்கள். வலிமை ஏறத்தாழ மூன்று மடங்கு, ஆனால் குண்டைத் தடுப்பதில் கிடைத்த லாபம் கொஞ்சம்தான். குண்டின் முனையில் நாலாபக்கமும் நெருக்கப்பட்ட கான்கிரீட்டுக்கு, கியூப் மிஷினில் வரும் எண் அவ்வளவு பெரிய விஷயம் கிடையாது. "பலமான கான்கிரீட் போட்டால் போச்சு" என்று வைவாவில் யாராவது சொன்னால் இது கைகொடுக்கும்.

இப்போது ஜெட்டிக்கு வருவோம். முடியாது தம்பி, இந்த மாடலை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 434-ல் போய் 214-ல் வந்த குண்டு ஸ்லாப்பில் விட்டுவிட்டுப் போன ஆற்றல் 35.6 கிலோஜூல். 5 டன் விசைப்படகு ஒன்று நொடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் வந்தால், அதாவது மணிக்கு ஏழு கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே, அதனிடம் இருப்பதும் ஏறத்தாழ அதே ஆற்றல்தான். ஆற்றல் ஒன்று, கதை வேறு. குண்டு அதை ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், மில்லிநொடிக்குள் கொட்டுகிறது. ஸ்லாப் முழுசும் வளைய ஆரம்பிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். படகு மோதினால் முதலில் படகின் முன்பக்கமான அணியம் நொறுங்கும், பலகையோ ஃபைபரோ உள்வாங்கும், மோதல் மில்லிநொடிகளைத் தாண்டி நீளும். அதற்குள் தூண் முழுசும் வளைந்து, அடியில் மண் வரைக்கும் விஷயம் போய்விடும். குண்டுக்கு ஓரத்தில் என்ன பிடிமானம் கொடுத்தீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. படகுக்கு அதுதான் எல்லாமே. தூணைக் கடல்தரையில் இறுகப் பிடித்ததாகக் காட்டினால் விடை தப்பு.

குண்டு கெட்டி மோதல், படகு மென்மையான மோதல். மோதுகிற பொருளே நொறுங்கும் இரண்டாம் வகைக்கு ரியேரா என்ற ஆய்வாளர் 1968-ல், அணுஉலைக் கட்டடத்தில் விமானம் மோதுவதற்காக ஒரு வழி சொன்னார்: நொறுங்கும் பொருளின் வலிமையையும், அதன் எடை நீளவாக்கில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் வைத்து, நேரத்துக்கு எவ்வளவு விசை என்று ஒரு கோடு வரைந்து, அதைச் சுவரின் மேல் போடுவது. 1988-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஒரு நிஜ ஃபான்டம் போர் விமானத்தைத் தண்டவாளத்தில் ராக்கெட் வைத்துத் தள்ளி, நொடிக்கு 215 மீட்டரில் தடித்த கான்கிரீட் கட்டியில் மோதவிட்டார்கள். விமானம் பொடியாகிப் போனது. உங்கள் படகுக்கும் இந்த வழியே போதும். படகு முழுவதையும் மெஷ் போட்டு உயிரை விட வேண்டாம். மோதல் ஆற்றலுக்கு துறைமுகங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4651 மூன்றாம் பகுதியில் கப்பல் துறையில் வந்து அணையும்போது வரும் ஆற்றலுக்கான சூத்திரம் இருக்கிறது. படகோடு சேர்ந்து நகரும் தண்ணீரின் எடைக்கும் அதில் ஒரு கெழு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். தூணுக்கு மேலே சொன்ன சி.எஸ்.சி.எம். பொருந்தும்.

ஜெட்டித் தூணில் படகு மோதுவது நல்ல தலைப்புதான். பாம்பன் பழைய ரயில் பாலத்திலேயே 2013 ஜனவரியில் ஒரு பார்ஜ் வந்து இடித்தது. யாருக்கு உபயோகம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

ஆனால் தூணை மாடல் செய்வதற்கு முன்னால் ஒருநாள் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து ஜெட்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, அலை ஏறி இறங்கும் இடத்துக்கு எம்40-க்குக் குறையாமல் கேட்கிறது. பழைய தூண்களில் அந்த இடத்தில்தான் கம்பி துருவேறி, துரு உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட் கவரைத் தள்ளியிருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் "டொப் டொப்" என்று பொள்ளலாகக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியும் கான்கிரீட்டும் ஒட்டி உறவாடுவதாகத்தான் உங்கள் மாடல் நினைத்துக்கொண்டிருக்கும். அங்கே அந்த ஒட்டு போய் வருஷமாயிருக்கும். படகு மோதுவதும் பெரும்பாலும் அதே உயரத்தில்தான். நல்ல தூண் ஒரு ரன், கவர் போன தூண் ஒரு ரன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினாலே தீசிஸ் நிற்கும்.

லைசென்ஸ் பிரச்சினை என்றால், ஓபன் ரேடியாஸ் என்ற இதே மாதிரி சாஃப்ட்வேர் 2022-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டு லேப்டாப்பிலேயே ஓட்டலாம், ஃபேன் சத்தத்தை அம்மா பொறுத்துக்கொண்டால்.

மற்ற நான்கு வேகங்களையும் ஓட்டிவிட்டு எழுதுங்கள். எரோஷன் எண், மொத்த எடை, அவர்கிளாஸ் சதவீதம் இந்த மூன்றும் வேண்டும். படம் அனுப்புவதென்றால் ஸ்லாப்பின் பின்பக்கத்தை அனுப்புங்கள், முன்பக்கம் வேண்டாம்.